பின்னால் விழுந்த புள்ளி

செருப்பை வெளியே கழற்றச் சொன்னார்கள். வெறுங்காலோடு உள்ளே போனேன். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ஏ.சி.யின் குளிரும், அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கின் வாசனையும் முகத்தில் அடித்தன. தென்காசியில் புதிதாகத் திறந்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டர் இது. நீ பார்க்காமல் போனது. கோர்ட்டுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருப்பவளுக்கு, அதுவும் நாற்பதைத் தாண்டியவளுக்கு, அங்கே என்ன வேலை என்று கேட்பாய். இன்னும் கொஞ்ச காலத்தில் என் டைப்ரைட்டர்களைப் பழைய இரும்புக்குக்கூட எடுக்க மாட்டார்கள் என்று வக்கீல் குமாஸ்தாக்கள் தினமும் பயமுறுத்துகிறார்கள். அதனால் போனேன்.

அங்கே இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. சின்னது ஒன்று, பெரியது ஒன்று. வேறு வேறு கம்பெனி. சொல்லிக்கொடுத்தது செங்கோட்டைப் பெண். முதலில் சின்னதில் உட்கார வைத்தாள். தப்பாக அடித்துவிட்டால் இந்தச் சாவியை அழுத்துங்கள் என்றாள். அழுத்தினேன். பின்னால் இருந்த தப்பான எழுத்து மறைந்தது. பிறகு பெரியதற்கு மாறினோம். அங்கேயும் ஒரு வரியின் நடுவில் தப்பு வந்தது. அதே பெயர் எழுதிய சாவியை அழுத்தினேன். தப்பு அப்படியே நின்றது. முன்னால் இருந்த நல்ல எழுத்து போய்விட்டது. மறுபடி அழுத்தினேன். இன்னொரு நல்ல எழுத்தும் போயிற்று.

"இது ஏன் இப்பிடிப் பண்ணுது?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் சிரித்தாள். "ரெண்டும் ஒண்ணுதான்க்கா. நாலு நாள் பழகுனா கை தானா மாத்திக்கிடும்."

நான் எழுந்துவிட்டேன். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டு அவள் தண்ணீர் கொண்டு வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் வந்து நின்றேன். நீ செத்த பிறகு 'ஒண்ணுதான்' என்ற இந்த வாக்கியத்தை யாரும் என்னிடம் சொன்னதில்லை. உன் குரல் இல்லாமலே அது இப்படி உலவும் என்று நான் நினைக்கவில்லை.

கடைக்கு வந்து, மெஷினில் தாளைச் சொருகிவிட்டு உனக்கு எழுதுகிறேன். உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை.

ரத வீதி மாடியில் இருந்த இன்ஸ்டிட்யூட்டில்தான் நாம் முதலில் பேசிக்கொண்டோம். இரண்டு பேரும் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள். தமிழ் டைப்பிங்கில் லோயர் முடித்து ஹையருக்கு வந்திருந்தோம். சாரல் காலத்தில் ஜன்னல் வழியாகக் காற்று வந்து எல்லார் தாளையும் பறக்கவிடும். மற்ற நாங்கள் எல்லாரும் எழுந்து ஓடுவோம். நீ முழங்கையால் தாளை அமுக்கிக்கொண்டு அடித்துக்கொண்டே இருப்பாய்.

எனக்கு ஒரே மெஷின்தான் வேண்டும். சுவரோரம், வலதுகைப் பக்கம் இரண்டாவது. அதில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர் எழுந்திருக்கும் வரை வாசல் படியில் நிற்பேன். உனக்கு எது காலியோ அது. எழுத்து தேய்ந்தது, சாவி ஒட்டுவது, ரிப்பன் கிழிந்தது, எதில் உட்கார்ந்தாலும் உன் தாள் ஒன்றுபோல இருக்கும்.

"ஏட்டி, அந்த மெஷினுக்கு வாக்கப்பட்டுட்டியா? தாலி எப்ப?" என்று மாடி முழுக்கக் கேட்கும்படி கேட்பாய். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உன்னோடு இருக்க வேண்டுமென்றால் உன் கேலிக்குச் சிரிக்க வேண்டும். அது அன்றைய வாடகை.

இன்ஸ்டிட்யூட் அண்ணாச்சிக்கு ஒரே ஒரு சட்டம்தான். பார்த்து அடிக்க வேண்டிய தாளில்தான் கண் இருக்க வேண்டும். மெஷினில் இருக்கும் தாளுக்குப் போகக் கூடாது. போனால் ஸ்கேலால் மேஜையில் ஓங்கி அடிப்பார். "கண்ணு அங்கன, கை இங்கன. ரெண்டும் பேசிக்கிடக் கூடாது" என்பார். நான் அதை வேதம்போலக் கடைப்பிடித்தேன். ஒரு பக்கம் முடித்து உருவும் வரை என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்க மாட்டேன்.

புள்ளி வைப்பது எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிறகு நடந்ததெல்லாம் அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது, எழுதி வைக்கிறேன். நம் இன்ஸ்டிட்யூட் மெஷின்களில் புள்ளியை முதலில் அடிப்போம். தாளைத் தாங்கும் வண்டி நகராமல் நிற்கும். அடுத்து அடிக்கும் எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் புள்ளி, பிறகு எழுத்து. அத்தனை மெஷின்களும் ஒரே கம்பெனி என்பதால் தமிழ் டைப்ரைட்டர் என்றாலே அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

ஹையர் பாஸான அந்த சீசனில் நாம் ஐந்தருவிக்குப் போனோம். நினைவிருக்கிறதா என்று கேட்க மாட்டேன். உனக்கு எதுவும் நினைவிருந்ததில்லை. எனக்குத் தண்ணீர் பயம். பெண்கள் பக்கத்தில் ஓரமாக நின்று கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தேன். நீ வந்து என் பிடரியைப் பிடித்து அருவிக்குள் தள்ளிப் பிடித்துக்கொண்டாய். மூச்சு முட்டியது. கையைக் காலை உதறினேன். நீ விடவில்லை. விட்ட பிறகு நான் பாறையில் உட்கார்ந்து இருமி இருமி அழுதேன்.

"என்னட்டி, தண்ணிதான? சோறு வடிக்கிற தண்ணியும் இதுவும் ஒண்ணுதான்" என்றாய். உன் முகத்தில் ஒரு துளி விஷமம் இல்லை. நிஜமாகவே புரியாமல் பார்த்தாய். அந்த முகத்தை அன்றைக்கு நான் சரியாகப் படித்திருக்க வேண்டும்.

அந்த ஆடியில்தான் வடகரையிலிருந்து எனக்கு இடம் வந்தது. வயலும் தென்னந்தோப்பும் உள்ள குடும்பம். மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி தோப்புக் கிணற்றில் கால் வழுக்கி விழுந்து இறந்துவிட்டாள் என்று சொன்னார்கள். அந்தக் கிணற்றுச் சுவர் ஒரு ஆளின் நெஞ்சு உயரம் என்பது வடகரைப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். என் அப்பாவுக்கும் தெரியும்.

நான் சாப்பிடாமல் கிடந்தேன். திருநெல்வேலி ஆபீஸ் ஒன்றிலிருந்து டைப்பிஸ்ட் டெஸ்டுக்கு எனக்குக் கார்டு வந்திருந்தது. அப்பா ஒரு வழி சொன்னார். "அந்த ஆபீஸ் டெஸ்டுக்குப் போயிட்டு வா. வேலை கெடச்சுதுன்னா இந்தப் பேச்சை விட்டுருதேன். கெடைக்கலைன்னா ஆவணில கல்யாணம். பொறவு வாயைத் தெறக்கப்படாது."

உன்னிடம் ஓடி வந்து சொன்னேன். உனக்கும் அதே டெஸ்டுக்குக் கார்டு வந்திருந்தது. தென்காசிக் கிளைக்கு இரண்டு டைப்பிஸ்ட் வேண்டும் என்று போட்டிருந்தார்கள். "ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து அடிப்போம்ட்டி. நான் ஒனக்குத் தப்பு கண்டுபிடிச்சுக்கிட்டே இருப்பேன்" என்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உன் முன்னால் நான் அழுத கடைசி முறை அதுதான்.

திருநெல்வேலிக்குப் பாசஞ்சர் ரயிலில் போனோம். அந்த ஆபீஸில் தமிழ் மெஷின் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். உன்னை எனக்கு முன்னால் கூப்பிட்டார்கள். வராந்தாவில் நின்று உன் சத்தத்தைக் கேட்டேன். முதலில் கொஞ்சம் நின்று நின்று, பிறகு மழைபோல. கதவு திறந்து நீ வெளியே வந்தாய். புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாய்.

"மெஷின் எப்பிடி இருக்கு?" என்றேன்.

"மெஷின் மெஷினாத்தான் இருக்கு."

"நம்மது மாதிரியா? வேற கம்பெனியா?"

"எல்லாம் ஒண்ணுதான்ட்டி. போய் அடி. மூஞ்சியைப் பாரு, அறுக்கப்போற ஆடு மாதிரி."

உள்ளே போனேன். அடித்துப் பார்க்க நேரம் கொடுத்தார்கள். சாவி ஒட்டுகிறதா, ரிப்பன் ஓடுகிறதா என்று நாலைந்து எழுத்தை மட்டும் தட்டிப் பார்த்தேன். சாவிகளின் இடம் எல்லாம் சரியாக இருந்தது. புள்ளியை யார் சோதித்துப் பார்ப்பார்கள்? மணி அடித்ததும், பார்த்து அடிக்க வேண்டிய தாளில் கண்ணை வைத்தேன். கடைசி வரை எடுக்கவில்லை. என் கை அன்றைக்கு ஓடியதுபோல் என்றைக்கும் ஓடியதில்லை. ஒரு எழுத்தில்கூடத் தடங்கவில்லை. நேரம் முடிவதற்கு முன்பே முடித்துவிட்டுத் தாளை உருவினேன்.

உருவியபோதுதான் பார்த்தேன். அந்த மெஷினில் புள்ளி பின்னால் விழும். எழுத்தை முதலில் அடித்துவிட்டுப் பிறகு புள்ளியை அடிக்க வேண்டும். நான் பழக்கப்படி முதலில் அடித்த புள்ளியெல்லாம் அதற்கு முந்தைய எழுத்தின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. 'சம்பளம்' என்று நான் அடித்தது 'ச்மபள்ம' என்று கிடந்தது. ஒரு பக்கம் முழுவதும் அப்படி. ஒரு வார்த்தையைக்கூட மனிதர் வாயால் சொல்ல முடியாது.

அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார். "பி.ஏ., ஹையர் பாஸாம். புள்ளி எங்க வைக்கணும்னு தெரியல." இருவரும் சிரித்தார்கள். "சார், இந்த மெஷின் வேற மாதிரி" என்றேன். அவர் உன் தாளை எடுத்துக் காட்டினார். "இப்ப ஒரு பிள்ளை இதே மெஷின்லதான அடிச்சிட்டுப் போச்சு? அதுக்கு மட்டும் எப்பிடிம்மா வந்துது?" முதல் வரியில் ஓர் இடத்தில் மட்டும் ரப்பரால் அழித்துத் திருத்தியிருந்தாய். மற்றபடி துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

அழித்துத் திருத்தியிருந்தாய். அதைத்தான் நான் வருஷக்கணக்கில் பிடித்துக்கொண்டு தொங்கினேன். தப்பு விழுந்ததைப் பார்த்திருக்கிறாய், திருத்தியிருக்கிறாய், வெளியே வந்து என்னிடம் சொல்லவில்லை.

திரும்பும் ரயிலில் கேட்டேன். "புள்ளி பின்னால விழுதுன்னு ஏன் சொல்லல?"

நீ அவித்த கடலை தின்றுகொண்டிருந்தாய். "விழுதா? நான் பாக்கலையே" என்றாய். "ஒனக்குத்தான் எப்பவும் ஏதாவது ஒண்ணு விழும்." தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதினாய். அம்பாசமுத்திரம் தாண்டியதும் தூங்கிப்போனாய், என் தோளில் சாய்ந்து. நான் உன்னைத் தள்ளவில்லை. அது ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஆவணியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. பந்தலில் நீதான் எனக்குப் பூ வைத்துவிட்டாய். "வடகரை நல்ல ஊருட்டி, இளநிக்குப் பஞ்சமில்ல" என்றாய்.

வடகரையைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அவன் கையால் அடிக்க மாட்டான். கைக்கு எது அகப்படுகிறதோ அதால் அடிப்பான். ஏன் என்று இருக்காது. குழம்பு சூடாக இருந்தாலும் அடி, ஆறியிருந்தாலும் அடி. நான் என்ன செய்தால் என்ன வரும் என்று கண்டுபிடிக்க முயன்றுகொண்டே இருந்தேன். அந்த வீட்டில் எதை அழுத்தினாலும் ஒரே பதில்தான் வந்தது.

ஒரு நாள் மழையில் கிளம்பி உன் வீட்டுக்கு வந்தேன். நீ வேலையில் சேர்ந்து, கல்யாணமும் முடிந்து, குத்துக்கல்வலசையில் வாடகை வீட்டில் இருந்தாய். என் ஒரு காது அடைத்திருந்தது. தாடை வீங்கியிருந்தது. வயிற்றில் பிள்ளை இருப்பது உனக்குத் தெரியும். நீ காபி போட்டுக் கொடுத்தாய். தலையில் மல்லிகைப் பூ, தோளில் ஆபீஸ் பை. என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். ரெண்டு மாசம். டைப் அடிச்சு ஒன் வாடகையில பாதி குடுத்துருதேன்" என்றேன்.

"பைத்தியமா? எல்லா வீடும் ஒண்ணுதான்ட்டி. நீ இங்கன இருந்தா மட்டும் என்ன மாறப்போவுது? பழகிட்டா ஒண்ணும் தெரியாது" என்றாய்.

நீயே என்னைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனாய். வடகரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தாய். கண்டக்டரிடம், "அண்ணாச்சி, பிள்ளைத்தாச்சி. பள்ளத்துல மெதுவாப் போவச் சொல்லுங்க" என்றாய். பஸ் திரும்பும்வரை கையாட்டினாய்.

அந்தப் பிள்ளை தங்கவில்லை. எப்படித் தங்காமல் போயிற்று என்பதை உனக்கு அப்போதே சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி விடு, அடுத்தது தங்கும்" என்றாய். அடுத்தது வரவில்லை. வர முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள்.

டெஸ்டில் நீ தெரிந்தே செய்தாய் என்ற நம்பிக்கைதான் என்னை அங்கே உயிரோடு வைத்திருந்தது. இதைக் கொஞ்சம் நின்று படி. அவனை வெறுப்பதில் ஒரு பயனும் இல்லை, மாட்டை வெறுப்பதுபோல. அப்பாவை வெறுக்கலாம், அவர் செத்துவிட்டார். உன்னை வெறுப்பதுதான் எனக்குச் சோறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் நீ ரயிலில் கடலை தின்ற வாயை நினைத்துக்கொள்வேன். இவள் சுகமாக இருக்கும்போது நான் சாகக் கூடாது என்று எழுந்திருப்பேன்.

இரண்டாம் முறை வெளியே வந்தபோது உன்னிடம் வரவில்லை. அம்மா கதவைத் திறந்தாள். சங்கிலியை விற்று ஒரு பழைய மெஷின் வாங்கி, கோர்ட்டுக்கு எதிரே இந்தக் கடையைப் போட்டேன். வந்து நின்ற முதல் ஆள் நீதான். உங்கள் ஆபீஸ் வேலையில் மிஞ்சியதையெல்லாம் என்னிடம் கொண்டு வந்து தள்ளினாய். பிறகு தினமும் சாயங்காலம் வந்து வாடிக்கைக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாய். சில நாள் உன் மகளும் கூட வருவாள். என்னைச் சித்தி என்று கூப்பிட்டுக்கொண்டு கார்பன் தாளில் படம் வரைவாள்.

"இவகிட்டயா பத்திரம் அடிக்கக் குடுத்துருக்கீங்க?" என்பாய் வந்தவர்களிடம். "டெஸ்ட்ல ஒரு பக்கம் முழுக்கப் புள்ளியை அடுத்தவன் தலையில வச்சவளாக்கும் இவ. ஒங்க சொத்தும் பக்கத்து வீட்டுக்காரன் தலைக்குப் போயிரும்." அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பழைய வாடகைதான். உன்னால் வரும் வேலை எனக்கு வேண்டியிருந்தது. அதைவிட, உன்னைத் தினமும் பார்த்து வெறுப்பதும் வேண்டியிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ரிடையர்டு குமாஸ்தா மெஷின் ஒன்றை விற்கக் கொண்டு வந்தார். முதல் வரி அடித்ததும் தெரிந்துவிட்டது. புள்ளி பின்னால் விழுந்தது. டெஸ்டில் இருந்த அதே கம்பெனி, அதே ரகம். விலை பேசாமல் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

சாயங்காலம் நீ வந்தாய். தேங்காய் வியாபாரி ஒருவர் நோட்டீஸ் அடிக்கக் காத்திருந்தார். "ஏட்டி, இந்த மெஷினை வாங்கலாமான்னு பாரு. இவரு நோட்டீஸை இதுல அடிச்சுக் குடு" என்றேன். நீ உட்கார்ந்தாய். நான் பக்கத்தில் நின்று உன் கையை மட்டும் பார்த்தேன்.

நீ வியாபாரியிடம் பலாப்பழ விலை கேட்டுக்கொண்டே அடித்தாய். முதல் புள்ளி தப்பான தலையில் விழுந்தது. உன் கண் ஓர் ஈ உட்கார்ந்து எழுவதுபோலத் தாளுக்குப் போய்த் திரும்பியது. கை ரப்பரை எடுத்து அழித்தது. "இந்த வருசம் சக்கைப் பழமே ருசியில்ல அண்ணாச்சி" என்றாய். அடுத்த வார்த்தையில் எழுத்து முதலில் வந்தது, புள்ளி பிறகு வந்தது. அதற்கப்புறம் ஒரு தப்பும் இல்லை. பேச்சில் ஒரு சொல்லும் நிற்கவில்லை.

வியாபாரி போன பிறகு கேட்டேன். "இந்த மெஷின்ல புள்ளி எப்பிடி வருது?"

"எப்பிடி வரும்? எப்பவும் போலத்தான்."

"முதல்ல ஒரு தப்பு அழிச்சியே."

"நானா? அழிச்சனா?" தாளைத் தூக்கிப் பார்த்தாய். அழித்த இடத்தைத் தடவிப் பார்த்தாய். "அட, ஆமா" என்றாய்.

நான் உன்னை எழுப்பிவிட்டு, இன்ஸ்டிட்யூட் ரகமான என் கடை மெஷினில் அடிக்க வைத்தேன். கை மாறிக்கொண்டது. திரும்ப இதில். திரும்ப அதில். உனக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்னட்டி, எனக்கே டெஸ்ட் வைக்கியா?" என்று சிரித்தாய். அன்றைக்கு டெஸ்டில் இருந்தது இதே மெஷின்தான் என்று சொன்னேன். அதனால் என்ன ஆயிற்று என்றும் சொன்னேன். கிணறு, காது, பிள்ளை, எல்லாவற்றையும் ஒரே வரியில். குரலை உயர்த்தவில்லை.

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அருவிக்கரையில் பார்த்த அதே முகம். "அதுக்கா இத்தனை வருசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" என்றாய். "கண்ணு இருக்குல்லா? நீதான் பாத்திருக்கணும்." பிறகு பையை எடுத்துக்கொண்டு, மகளுக்குப் பரோட்டா வாங்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாய்.

அன்றைக்கு நான் கடையைப் பூட்டிவிட்டு உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தேன். உனக்கு நிஜமாகவே தெரியாது. என் வாழ்க்கையை இரண்டாகப் பிளந்த அந்தப் பிளவை உன் விரல்கள் உன்னிடம் சொல்லாமலே தாண்டிப் போயிருக்கின்றன. அத்தனை வருஷம் நான் தின்று உயிர் வாழ்ந்த வெறுப்புக்கு ஆதாரம் இல்லை. நீ குற்றவாளியாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். உன்னை மன்னித்தாவது இருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய்.

பிறகு உன் வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். உன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் ஒருத்தியால் உன்னைத் தூக்க முடியவில்லை என்பதால், நான் மத்தியானங்களில் கடையை மூடிவிட்டு உனக்கு உடம்பு துடைத்துவிட வந்தேன். பாசத்தால் என்று எல்லாரும் சொன்னார்கள். நீ சாவதைப் பார்க்க வேண்டும் என்று வந்தேன்.

எந்த வெயிலிலும் முழங்கை வரை ரவிக்கை போட்டிருப்பாய். முதல் தடவையாக அதைக் கழற்றினேன். மேல்கையில், முதுகில், விலாவில் தடங்கள். சில கறுத்துப்போய், சில மஞ்சளித்து. ஒன்று மட்டும் இன்னும் நீலமாக இருந்தது. சாகக் கிடப்பவளின் உடம்பில் நீலம். வெளியே உன் புருஷன் யாரோ விசாரிக்க வந்தவரிடம் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார். ஜவுளிக்கடையில் மேனேஜர். யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். தீபாவளிக்குத் தீபாவளி என் கடைக்குக் காலண்டர் கொண்டுவந்து மாட்டுவார்.

"இது என்னது?" என்றேன்.

"எது?"

"இது. இங்கன. இது."

நீ கஷ்டப்பட்டுக் குனிந்து பார்த்தாய். "அதுவா" என்றாய். "அது எப்பவும் உள்ளதுதான்ட்டி."

"எப்பவும்னா? எப்போலேர்ந்து?"

"யாரு கணக்கு வச்சா? எல்லா வீட்லயும் உள்ளதுதான."

"என் வீட்ல இல்ல" என்றேன்.

நீ சிரித்தாய். சிரித்தது வலித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஒனக்குத்தான் புருசனே இல்லையே" என்றாய்.

துணியை வெந்நீரில் பிழிந்துகொண்டே இருந்தேன். என்னை வடகரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நீ திரும்பிப் போனது இந்த வீட்டுக்குத்தான். மல்லிகைப் பூவோடு நீ என்னை ஏற இறங்கப் பார்த்தபோதும் அந்தப் புடவைக்குள் இது இருந்திருக்கும். என் தாடை வீங்கியிருந்தது உனக்குச் சாதாரணமாகப் பட்டது. அதை உன் மூளை உன்னிடம் எடுத்துச் சொல்லவே இல்லை. எழுத்து முதலில், புள்ளி பிறகு. சரி, இங்கே அப்படிப் போலிருக்கிறது. போய்க்கொண்டே இருந்திருக்கிறாய்.

நீ போன அன்று உன்னைக் குளிப்பாட்டும்போது தெருப் பெண்கள் நின்றார்கள். "பூவும் பொட்டுமாப் போயிட்டா, குடுத்து வச்சவ" என்றாள் எதிர்வீட்டு ஆச்சி. மஞ்சள் பூச உன் கையைத் தூக்கியபோது எல்லாரும் பார்த்தார்கள். பார்த்த கண்கள் எல்லாம் வேறு பக்கம் போயின. "மூடுட்டி, நேரமாவுது" என்றாள் ஆச்சி.

நான் மூடவில்லை. முற்றத்துக்கு வந்து, ஆண்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுகளின் முன்னால் நின்று, உன் புருஷனைப் பார்த்துக் கேட்டேன். "அண்ணாச்சி, அவ ஒடம்புல இருக்கதெல்லாம் எப்பிடி வந்துது?"

மேளக்காரன் நிறுத்திவிட்டான். உன் புருஷன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கீழ கீழ விழுந்துருவா. ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார். மெல்லிய குரலில்தான். யாரோ மேளக்காரனிடம் கையைக் காட்டினார்கள். மேளம் மறுபடி தொடங்கியது. நீ இருந்திருந்தால் என்னை அறைந்திருப்பாய். உன் மானத்தைத் தெருவில் போட்டேன், அதுவும் உன்மீது அன்பில்லாமல். ஒரு தடவையாவது யாராவது அதைத் தப்பு என்று உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த உன் மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் வாளி. என்மேல் கோபம் என்று நினைத்தேன். இல்லை. என்னைத் தேற்றுவதற்காக வந்திருக்கிறாள்.

"நீங்க ஏன் சித்தி இவ்வளவு பதறுதீங்க? எனக்குச் சின்னப் பிள்ளையிலேர்ந்தே தெரியும்" என்றாள். "அம்மாவே சொல்லிருக்கா, தை மாசம் நான் போற எடத்துலயும் அப்பிடித்தான் இருக்கும்னு. பழகிட்டா ஒண்ணும் தெரியாதாம்லா?"

"தெரியணும்ட்டி" என்றேன். "இல்ல. எல்லா வீட்லயும் இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். உன் கண்கள். ஒரு துளி விஷமம் இல்லாத கண்கள். புருஷன் இல்லாதவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவை என்மேல் இரக்கப்பட்டன. பிறகு வாளியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

உன்னிடமிருந்து நான் கொண்டுவந்தது அந்தப் பார்வையை மட்டும்தான். இனி வெறுக்க நீ இல்லை. தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்கும் 'எல்லா வீட்லயும் இல்ல' என்று சொல்ல உன் வீட்டு வாசலில் போய் நிற்பேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் சிரிக்க மாட்டேன்.